உடைந்த ஜாடி உடைந்ததுதான் என்று நான் நிரூபித்த கதை

என்னிடம் யாராவது ஒரு பொருளை வாங்க வந்தால், விலையைச் சொல்வதற்கு முன்பே அதில் என்னென்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதைப் பார்த்து எங்கள் ஊர் புத்தலப்பட்டில் என்னை நேர்மையான ஆள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மனதைக் கெடுப்பானேன் என்று இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் பயம். நாளைக்கு எவனாவது கடை வாசலில் நின்று, "ஏன்யா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டால் நான் பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன். (எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் "ஏன்டா எழுதல?" என்று கேட்ட அன்றைக்கும் இப்படித்தான் ஓடினேன். அதோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை.)

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். சித்தூர் - திருப்பதி ரோட்டின் மேலேயே கடை. போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்தாலும் என்னிடம் வரும். வந்த மோட்டாரில் ஒரு ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்னால், பேரிங் வருகிற அட்டைப் பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, கண்ணுக்குத் தெரிகிற கோளாறை எல்லாம் வரிசையாக எழுதி, பார்ட்டியிடம் படித்துக் காட்டி, செம்புக் கம்பியால் மோட்டாரிலேயே கட்டிவிடுவேன். 'மூடி உடைப்பு. கால் ஒன்று இல்லை. ஒயரை எலி கடித்திருக்கிறது.' ஒரு விவசாயி பொறுமை இழந்து, "யோவ், நான் மோட்டார் குடுக்க வந்தேனா, ஜாதகம் பாக்க வந்தேனா?" என்று கேட்டிருக்கிறார். கேட்கட்டும். நான் உடைத்தேன் என்று பிறகு சொல்ல முடியாது அல்லவா.

பக்கத்து ஷெட் பாபுவுடையது. வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங். மோட்டார் உடம்பில் வெல்டிங் வைக்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் அட்டையோடு அவன் ஷெட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவன் அட்டையைப் படிப்பான், வேலையைச் செய்வான், ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு டிக் போட்டுத் திருப்பி அனுப்புவான். எங்களுக்குள் பேச்சே தேவைப்படாது. பல வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இதில் ஒரு ஆபத்து இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. (எனக்கு, அதாவது கடையைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்க்கிற எனக்கு.)

ஜாடி என் மனைவி தேவகியுடையது. அவளுடைய அப்பா சித்தூர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அந்த அம்மா ஊருக்குத் திரும்பிப் போகும்போது இந்தப் பூ ஜாடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிற்பாடு சொத்தைப் பிரித்தபோது அண்ணன்கள் இரண்டு பேருக்கும் நிலம், தேவகிக்கு ஜாடி என்று ஆயிற்று. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். மயில் கழுத்து நீலம். அதன் மேல் அடியிலிருந்து வாய் வரைக்கும் வெள்ளைக் கொடி ஒன்று ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் அது பீரோ மேல் பிளாஸ்டிக் ரோஜாவைத் தாங்கிக்கொண்டு பதினான்கு வருஷம் நின்றது.

மேடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. திருப்பதியில் காலேஜில் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர். எங்கள் ஊர்ப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தோப்பு மோட்டாரைக் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் மோட்டாரை மறந்துவிட்டு பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. பீரோ கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"அது யாருய்யா வச்சது, அந்த நீல ஜாடி? கொஞ்சம் இறக்குங்க, பார்க்கலாம்" என்றார். தெலுங்குக்காரர் என்றாலும் சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

இறக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். நூறு வருஷத்துக்குக் குறையாது, யாரோ ஒரு குயவன் கையாலேயே கொடி வரைந்து சூளையில் வைத்தது, இந்த மாதிரிதான் நான் சேர்க்கிறேன் என்றார். பிறகு ஒரு விலை சொன்னார். தேவகி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. புத்தூரில் ஒரு டெய்லர் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போகிறார். அவரிடம் எம்ப்ராய்டரி போடுகிற பவர் மெஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கொடுத்தால் உனக்கு, இல்லை என்றால் பாகாலாவில் ஒரு அம்மாவுக்கு என்று சொல்லி இருந்தார். கல்யாண ரவிக்கைக்கு வேலைப்பாடு செய்து கொடுத்தால் இந்தப் பக்கம் எப்படிப் போகும் என்று தேவகிக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கையால் பாசிமணி கோர்த்துத் தைத்துக் கழுத்து வலி கண்டவள். மேடம் சொன்ன தொகையும் மெஷின் தொகையும் ஏறக்குறைய ஒன்று.

"அவசரமில்ல. உங்க நைனா குடுத்தது. யோசிச்சிச் சொல்லும்மா. ஆனா சனிக்கிழமை நான் ஹைதராபாத்துக்கு மக வீட்டுக்குப் போறேன். அதுக்குள்ள சொல்லணும்" என்ற மேடம், போனில் ஏழெட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "மேடம், இதுல கொறை இருக்குதுங்க" என்றேன். தேவகி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"தெரியுதே. எழுதிக் குடுங்க" என்றார் மேடம். வழக்கம்போல ஒரு அட்டையில் எழுதினேன். வாயில் ஒரு இடத்தில் சிதைவு. வாயிலிருந்து கீழே நாலு விரல் நீளத்துக்கு முடி மாதிரி விரிசல். பளபளப்பு முழுக்க வலை வலையாக மெல்லிய கோடு. அடியில் ஓட்டை. (டாக்டரம்மா அதை விளக்காக்கி, ஒயர் விடுவதற்காகத் துளை போட்டிருக்கிறார்.) ஆக, நாலு.

மேடம் படித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "பழைய பொருள்ல குறை இருக்கலாம். ரிப்பேர் இருக்கக் கூடாது. அப்படியே கொண்டு வாங்க. ஒண்ணும் செய்யாதீங்க. கழுவக்கூட வேணாம்."

எனக்கு இது புரியவே இல்லை. என் தொழிலுக்கு இது தலைகீழ். கோளாறோடு கொண்டு வா, சரி செய்தால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், நான் அவரை மோட்டாரோடு திருப்பி அனுப்பிவிடுவேன். இருந்தாலும் 'கழுவக்கூட வேணாம்' என்று அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். பின்பக்கம். இதைக் கவனிக்கவும்.

தேவகி மூன்று நாள் யோசித்து வியாழக்கிழமை காலையில் சரி என்றாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திருப்பதிக்குக் கொண்டுவரச் சொல்லி மேடமும் சொல்லிவிட்டார். அப்போதுதான் தேவகி காலண்டரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம வீட்ல இருந்து பொருளத் தூக்கி வெளிய குடுக்கறதா? லட்சுமியத் தூக்கிக் குடுக்கற மாதிரி. நான் மாட்டேன்பா."

"மேடம் சனிக்கிழமை கெளம்பறாங்களே."

"அதுக்கு இன்னா? இன்னிக்கி சாயந்திரமே எடுத்துக்கினு போய் கடையில வையி. நாளைக்கிக் கடையில இருந்து எடுத்துக்கினு போனா வீட்ல இருந்து போனதா ஆவாது."

கடவுளையே ஏமாற்றுகிற இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

கடைக்குக் கொண்டுபோன பிறகுதான் கவலை ஆரம்பித்தது. என் கடையில் இருபது மோட்டார். மேலே செயின் புல்லி தொங்குகிறது. எலி இருக்கிறது. ஜாடியைக் கீழே வைத்தால் இடிக்கும், மேலே வைத்தால் விழும். பாபுவின் ஷெட்டில் பெயிண்ட் டப்பா வைக்கிற இரும்பு பீரோ ஒன்று உண்டு, பூட்டோடு. அங்கே கொண்டுபோனேன். போவதற்கு முன்னால், அட்டை தனியாக இருந்தால் தொலைந்துவிடுமே என்று, ஜாடியின் கழுத்தில் செம்புக் கம்பியால் கட்டினேன்.

இதையும் கவனிக்கவும்.

"பாபு, காலைல எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன். திருப்பதி மேடத்துது. ஜாக்கிரதை."

பாபு ஜாடியைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். "எட்டு மணிக்கா?" என்று கொஞ்சம் யோசித்தான். "சரிண்ணா. ஒனக்காகப் பாக்கறேன். நீ போ."

நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் இருந்த ஒரே ராத்திரி அது.

காலையில் போனபோது பாபு ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் கவிழ்த்து வைத்த பெயிண்ட் வாளி. வாளி மேல் ஜாடி. வெயில் அதன் மேல் பட்டுத் தெறித்து ரோட்டில் போகிறவர்கள் கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனேன். ஜாடியில் என் முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால், எழுந்து வந்து நின்ற பாபுவின் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, எப்பிடி?"

அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாலு வரி. நாலு டிக்.

"வாய்க்குப் பட்டி போட்டுத் தேச்சேன். விரிசல் மேல பட்டியை ஓட்டி எமரி பேப்பர் அடிச்சேன். ஓட்டைய உள்பக்கமா அடைச்சாச்சி. தண்ணி ஊத்திப் பாத்தேன், சொட்டு ஒழுவல. அந்தக் கோடு கோடா இருந்திச்சே, அதுதாண்ணா சள்ளை. ரெண்டு கோட்டு கிளியர் வார்னிஷ் அடிச்சப்பறம்தான் மறைஞ்சிது. கலரு மட்டும் மேட்ச் ஆவல. டிராக்டர் நீலம் கொஞ்சம், ஸ்கூட்டர் நீலம் கொஞ்சம் கலந்து புடிச்சேன். பாரு, எங்க அடிச்சேன்னு கண்டுபுடி பாப்போம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கொடுமை. மேடம் அந்த ஓட்டையோடு அப்படியே கொண்டுவரச் சொன்னாரே, அதையும் காணோம்.

"பாபு, பின்பக்கம் படிச்சியா?"

"பின்பக்கம் எப்பண்ணா எழுதுவே நீ?"

நியாயமான கேள்வி. நான் என்றைக்கும் பின்பக்கம் எழுதியதில்லை.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கண் சிவந்திருந்தது. தூங்காமல் வேலை செய்திருக்கிறான். அதோடு, "ஒனக்குன்றதால துட்டே வேணாண்ணா" என்று வேறு சொல்லிவிட்டான். திறந்த வாயால், "நல்லா கீது பாபு" என்றேன்.

தேவகிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "கொறை இருந்ததுக்கே அந்த வெலை குடுக்கறேன்னாங்க இல்ல?"

"ஆமா."

"கொறையே இல்லாததுக்கு?"

இந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. (கணக்கு வாத்தியாரைச் சொன்னேன் இல்லையா.) மேடம் 'கழுவக்கூட வேணாம்' என்று சொன்னது ஒரு காதில் ஒலித்தது. இன்னொரு காதில் தேவகி, "மொதல்ல கொண்டு போய்க் காட்டு, அவங்களே ஆச்சரியப்படுவாங்க" என்றாள். ஆச்சரியப்பட்டார்கள், அது உண்மை.

பாபு தன் வேலையை மேடம் பார்க்கும்போது தானும் பார்க்க வேண்டும் என்று பைக்கை எடுத்தான். நான் பின்னால் ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடையில் கிடந்த பெட்ஷீட்டை அதன் மேல் சுற்றினேன்.

"சுத்தாதண்ணா. கிளியர் இன்னும் முழுசாக் காயல."

"சுத்தாம எப்பிடிடா, லாரி கல்லைத் தெறிச்சிக்கினு போறான்."

பாகாலா கிராஸ் தாண்டி, சந்திரகிரி தாண்டி, திருப்பதி போய்ச் சேரும் வரைக்கும் எனக்கு ஒரே குழப்பம். நான் நல்ல பொருளைக் கொண்டுபோகிறேனா, கெட்ட பொருளைக் கொண்டுபோகிறேனா? முன்பு இருந்ததை விட நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் நல்லது. ஆனால் அவர் கேட்டது நன்றாக இல்லாததை. அப்படியென்றால் இது கெட்டது. ரிப்பேர் செய்தது நாங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா? சொன்னால் "ஏன்யா செஞ்சீங்க?" என்பார். சொல்லாவிட்டால் "ஏன்யா சொல்லல?" என்பார். இரண்டு பக்கமும் வாத்தியார் நிற்கிற மாதிரி இருந்தது.

மேடம் வீடு பவானி நகரில், மாடியில். ஹாலில் இரண்டு சூட்கேஸ் திறந்து கிடந்தது. ஜாடிக்காக ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் பழைய துணியெல்லாம் மெத்தை மாதிரி போட்டு வைத்திருந்தார். டீப்பாய் மேல் அன்றைக்கு எடுத்த ஜாடி போட்டோக்கள். பிரிண்ட் எடுத்து, நான் எழுதிய ஒவ்வொரு குறையையும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். பூதக்கண்ணாடியும் தயார்.

நான் பெட்ஷீட்டைப் பிரித்தேன். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தேன். சர்ரென்று வந்தது. ஜாடியின் ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சு முளைத்திருந்தது.

மேடம் ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வேறு ஏதாவது ஜாடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏமய்யா, என் ஜாடி எங்க?"

"இதாங்க மேடம்."

"இது புது ஜாடி."

"இல்லைங்க மேடம், பழசுதான்."

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். வாயில் வட்டம் போட்ட இடத்தைத் தேடினார். இல்லை. விரிசலைத் தேடினார். இல்லை. கவிழ்த்து ஓட்டையைத் தேடினார். ஓட்டையும் இல்லை. ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று ஆக ஆக அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. தப்பு செய்த ஆளைப் பார்க்கிற முகம்.

"நான் திங்கக்கிழமை பார்த்தது வேற. அதை வேற யாருக்கோ கூடுதல் விலைக்குக் குடுத்துட்டு, அதே மாதிரி ரோட்டோரத்துல ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்திருக்கீங்க. உங்கள நல்லவர்னு நினைச்சேன்."

அந்த வார்த்தைதான் என்னைச் சாய்த்துவிட்டது. மெஷின், பணம், தேவகி எல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டது. நான் மோசடிக்காரன் இல்லை என்று இந்த அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் இருந்தது.

"சத்தியமா அதே ஜாடிதான் மேடம். ஒடைஞ்சதுதான். நல்லா ஒடைஞ்சது மேடம் இது. என்னை நம்புங்க."

இது பாபுவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஒடைஞ்சிருக்குது? காட்டுண்ணா பாப்போம். மேடம், ஒரு கொறை கூட கெடையாது. கேரண்டி."

"பாருங்க, உங்க ஆளே சொல்றார்" என்றார் மேடம்.

"அவன் சொல்றது பொய் மேடம். இதுல விரிசல் கீது."

"இல்ல மேடம்."

"ஓட்டை கூட கீது மேடம்."

"தண்ணி ஊத்திக் காட்டட்டுமா மேடம்?"

"டேய், நீ சும்மா இரு."

"ஏண்ணா, ராத்திரி பூரா ஒக்காந்து செஞ்சேன். ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக்கூடாதா நீ?"

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விற்க வந்தவன் பொருள் உடைசல் என்று சத்தியம் செய்கிறான், கூட வந்தவன் அதை மறுக்கிறான். இந்த மாதிரி மோசடியை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. "பாபு, சாவியக் குடு" என்றேன்.

"எதுக்குண்ணா?"

"குடுடா."

பைக் சாவியை வாங்கி, வாயில் சிதைவு இருந்த இடம் இதுதான் என்று குத்துமதிப்பாகப் பார்த்து, பட்டியை நெம்பினேன். அசையவில்லை. பாபு வேலை என்றால் அப்படி. ஜாடியை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெம்பினேன்.

"அண்ணா, வேணாண்ணா. பட்டி செட் ஆயிட்டுது. அது வராது, ஜாடிதான் வரும்."

ஜாடிதான் வந்தது. டக் என்று ஒரு சத்தம். வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு என் கையில் இருந்தது. விரிசல் போன வழியே அழகாகப் பிரிந்து வந்திருந்தது.

மேடம் மெதுவாகக் கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் உடைந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"பழைய மண்ணுதான்" என்றார். "இந்த விரிசல் ஓரத்துல பாருங்க, எத்தனையோ வருஷத்து அழுக்கு கறுப்பா இறங்கியிருக்கு. நேத்து செஞ்சதுல இது இருக்காது." கண்ணாடியைக் கழற்றினார். "இது அதே ஜாடிதான். நான் உங்கள சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க."

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? காலேஜில் பாடம் நடத்தியவர், எட்டாம் வகுப்போடு நின்ற என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட்டை கட்டியது, வெள்ளிக்கிழமை, பீரோ, டிக், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தார். பாபுவுக்கும்தான். அவன் குடிக்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், நல்ல ஜாடி" என்றார் மேடம். "இனிமே இதை வாங்கி நான் என்ன செய்ய?"

"ஆமாங்க மேடம்" என்றேன் நான், மனப்பூர்வமாக. "நீங்க என்ன செய்வீங்க."

துண்டைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, தலை நிமிர்ந்து படி இறங்கினேன். பைக்கில் உட்கார்ந்து லீலா மகால் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது கூட நான் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பாபு அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணா, துட்டு வாங்கினியா?"

"அவங்க என்னை நம்பிட்டாங்கடா."

"அது சரிண்ணா. துட்டு?"

சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. பாபு வண்டியை எடுக்கவில்லை. நானும் எடு என்று சொல்லவில்லை. என் மடியில் வாய் உடைந்த ஒரு நீல ஜாடி, பஞ்சோடு உட்கார்ந்திருந்தது. அது ஏன் இன்னும் என் மடியில் இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன்.

வீட்டில் தேவகி சமையலை முடித்து, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, சாயந்திரமே புத்தூருக்குப் போய் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று தயாராக இருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அதே கட்டில்.

"இன்னா சொன்னாங்க?"

"நான் சொன்னது நெசம்னு ஒத்துக்கினாங்க. மன்னிப்பு கூட கேட்டாங்க."

தேவகி எழுந்து போய் தலையில் இருந்த பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்தாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் பாகாலாவுக்குப் போய்விட்டது. அந்த மூன்று நாளைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் பாபு பசையும் கையுமாக வாசலில் வந்து நின்றான். "அக்கா, அந்தத் துண்டக் குடுங்க. ஒட்டினதே தெரியாம ஒட்டிக் குடுக்கறேன்." தேவகி துடைப்பத்தைத் தேடினாள். அவன் ஓடிய வேகத்தைப் பார்த்துத்தான் முதல் முறையாகச் சிரித்தாள். என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே.

அடுத்த வருஷம் டுவாக்ரா மகளிர் குழுவில் லோன் போட்டு வேறு மெஷின் வாங்கினாள். அவளே போய்ப் பார்த்து, அவளே பேசி, அவளே வாங்கினாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா அந்த மெஷினுல இன்னா கோளாறுன்னு அவனுக்கே தெரியாததெல்லாம் சொல்லிக் குடுப்பே" என்றாள். ஜாடி இப்போது அவள் போட்டிருக்கிற தையல் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, உடைந்த பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி. உள்ளே டேப்பும் கத்திரிக்கோலும். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் யாராவது "நல்லா கீதே அக்கா, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டால் போதும். முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாள், பாபு குரல், மேடம் குரல், என் குரல் எல்லாவற்றோடும். என் குரல் மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்த விஷயத்தில் ஜெயித்தாலும் ஒரே கேள்விதான். கரண்ட் பில் தப்பாக வந்திருக்கிறது என்று ஆபீசுக்கு நாலு முறை நடந்து, தப்புதான் என்று அவர்களையே சொல்ல வைத்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மகள் பார்கவி, "நைனா, துட்டு வாங்கினியா?" என்றாள். (வாங்கவில்லை. அடுத்த பில்லில் கழிக்கிறோம் என்றார்கள். கழிக்கவில்லை.)

போன மாதம் சித்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டெஸ்டில் இல்லை என்றே வரும். வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த முறை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க சந்தேகப்பட்டது சரிதான். வந்துடுச்சி" என்றார்.

ரூமை விட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் தேவகியும் பார்கவியும் உட்கார்ந்திருந்தார்கள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. தேவகி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பத்து பேஷண்டுக்கு நடுவே, மகளிடம் சொன்னாள்:

"பார்கவி, ஒங்க நைனா சிரிச்சிக்கினு வராரு பாரு. ஏதோ பெருசாக் கைய விட்டுப் போயிட்டுது."